ஓரகத்தி வீட்டு லைலாக்

கழுத்தில் அளவு நாடா தொங்க, ஈரத் துண்டை உதறிக்கொண்டே தையல்காரம்மா மதிலோரம் வந்து நிற்கிறார். துண்டு ஒரு சாக்குத்தான். ஒரு துண்டை உதற இவ்வளவு நேரம் ஆகாது. கண் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் செடிமேல் மேய்கிறது. "நான் ஏன் பாக்கப் போறேன்? எனக்கு வேற வேல இல்லையா?" என்று, யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்கிறார்.

அந்த வீடு கொழுந்தனுடையது. ஓரகத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வீடு கட்டிக் குடிவந்த வருஷம், இரண்டு மருமகள்களும் ஒன்றாகப் போய் ஆளுக்கொரு லைலாக் கன்று வாங்கினார்கள். இதய வடிவ இலை, குளிர் விட்டதும் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ, தெருமுனை வரைக்கும் வாசனை என்று நாற்றுப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். தையல்காரம்மா துணி பார்ப்பதுபோல ஒவ்வொரு கன்றையும் திருப்பிப் பார்த்து, வேரைத் தடவி, நல்லதைப் பொறுக்கினார். ஓரகத்தி கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டாள்.

தையல்காரம்மாவுக்குப் பிசிறு ஆகாது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் சட்டையிலிருந்து நூலைப் பிய்த்தெடுப்பார். செடிக்கும் அதே கண்டிப்புத்தான். குளிர் தொடங்குமுன் கத்தரியோடு இறங்கினால், லைலாக் பந்துபோல உருண்டு நிற்கும். பார்க்க அழகு. ஆனால் ஒரு பூ கிடையாது. ஓரகத்தியின் செடியோ வாரப்படாத தலைபோல நாலா பக்கமும் விரிந்து, வசந்தம் வந்தால் இலை தெரியாமல் பூத்துத் தொலைக்கும்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சி, "ஆஹா, என்ன வாசனை! உங்க தோட்டமா?" என்பார்கள். கணவர் உள்ளேயிருந்து, "இல்லைங்க, தம்பி வீடு" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவார். அப்படிப் புகழ்ந்த ஒருவருக்கு அன்றைக்குத் தைத்த சட்டை அக்குளில் பிடித்தது.

"என் செடியோட சத்தையெல்லாம் மதிலுக்கு அடியில அவ வேரு உறிஞ்சுது" என்று ஒருநாள் மண்வெட்டியோடு தோண்டினார். வேர் அகப்படவில்லை. தண்ணீர்க் குழாய்தான் உடைந்தது.

கடைசியில் போன வசந்தத்தில் நாற்றுப் பண்ணைக்காரரையே பிடித்து இழுத்து வந்தார். அவர் உருண்டைச் செடியைச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தார். "எப்பம்மா வெட்டுறீங்க?"

"குளிருக்கு முன்னாடி."

"அடப் பாவமே! அடுத்த வருஷத்துக்கான மொட்டு கோடையிலயே நுனியில உக்காந்துடும். பூத்து முடிஞ்ச கையோட வெட்டணும். நீங்க வருஷா வருஷம் பூவைத்தான் வெட்டிக் குப்பையில போடுறீங்க."

இதைத் தையல்காரம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை, கணவரிடம்கூட. கத்தரியைப் பரண்மேல் போட்டார்.

குளிர் நெருங்கியபோது மதிலுக்கு மேலே ஓரகத்தியின் தலை தெரிந்தது. "அக்கா, எனக்கு டூட்டிக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு. உங்க செடி மாதிரி என்னோடதையும் அழகா வெட்டி விடுங்களேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுநாள் மதியம், ஓரகத்தி ராத்திரி டூட்டி முடிந்து அசந்து தூங்கும் நேரம், தையல்காரம்மா கத்தரியோடு அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்றார். ஒவ்வொரு நுனியிலும் ஜோடி ஜோடியாகக் கொழுத்த மொட்டு. 'அவளேதான கேட்டா? என்மேல என்ன தப்பு?' ஒரு கிளையை வெட்டினார். மொட்டை நகத்தால் பிளந்தார். உள்ளே, கடுகைவிடச் சிறிதாக, பச்சையாக, அடுத்த வசந்தத்தின் கொத்து முழுசும் அடைந்து கிடந்தது. தன் குப்பைத் தொட்டிக்குப் போனதெல்லாம் இதுதான் என்று அப்போதுதான் கண்ணால் கண்டார். அதற்குமேல் வெட்டக் கை வரவில்லை. காய்ந்த குச்சிகளை மட்டும் நறுக்கிக் கட்டினார்.

எழுந்து வந்த ஓரகத்தி திகைத்தாள். "என்னக்கா, அப்படியே இருக்கு?"

"இப்ப வெட்டினா பூக்காது. பூத்து முடிஞ்சதும் வெட்டு."

"அப்படியா? அப்போ உங்க செடி இத்தன வருஷமா..." என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது.

"சிரிடி, சிரி. நல்லா சிரி" என்று தையல்காரம்மா குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

இந்த வசந்தத்தில் ஓரகத்தியின் செடி வழக்கம்போலக் கொட்டிப் பூத்திருக்கிறது. வருஷக்கணக்காக வெட்டுப்பட்ட தையல்காரம்மாவின் செடியில், வாசலைப் பார்த்த பக்கம், ஒரே ஒரு கொத்து.

நேற்று அளவு கொடுக்க வந்த பெண்மணி, "அடேயப்பா!" என்று மதில் பக்கம் திரும்பினார். தையல்காரம்மா அவர் தோள் இரண்டையும் பிடித்து, வாசல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

"கையத் தூக்குங்க. இப்படியே, நேராப் பாருங்க" என்றபடி அளவு நாடாவை விரித்தார்.