தலை இல்லாமல் வந்த மீன்

என் கணவர் சனிக்கிழமைகளில் மீன்பிடிக்கப் போகிறார் என்பதை நான் நம்பாமல் போனதற்கு முதல் காரணம் அந்த மீன்தான். அது தலை இல்லாமல் வந்தது. வால் இல்லை, தோல் இல்லை, ஒரு முள்கூட இல்லை. வெள்ளை வெளேரென்று நாலு நீளத் துண்டுகள், பிளாஸ்ரிக் பையில் அடுக்கியபடி.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் தான் பிடித்த மீனின் தலையை எங்கேயோ விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாரா? எங்கள் வீட்டில் மீன்தலை அவருக்குத்தான். கல்யாணம் முடிந்து இருபத்தாறு வருடங்களில் குழம்பில் கிடந்த தலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் கண்டதில்லை, ஒரே மகளுக்குக்கூட. கண்ணைச் சூப்பி, எலும்பைக் கடித்துத் துப்பி, அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் தலை எங்கே என்று கேட்டால், "அது அங்கை எறிஞ்சாச்சு" என்கிறார்.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரி, மறைக்கவில்லை. கடையில் பால் வாங்கினால் பின்வரிசைக்குள் கையை விட்டுத்தான் எடுப்பேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஆனால் இந்த விஷயத்தில் பிழை என் குணத்தில் மட்டும் இல்லை. அவர் ஏற்கெனவே ஒரு தரம் என்னிடம் பொய் சொல்லிப் பிடிபட்டவர்.

மூன்று வருடங்களுக்கு முந்திய பனிக்காலம் அது. அவர் வேலை செய்த பக்ரறி ஜனவரி கடைசியில் ஆட்களை நிறுத்தியது. அவரையும் நிறுத்தியது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் வழமைபோல விடிய ஐந்து மணிக்கு எழும்பி, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய், பின்னேரம் நாலரைக்கு வெறும் பெட்டியோடு வந்தார். மார்ச் கடைசியில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, மோர்னிங்சைட்டில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் வரிசையில் நின்றபோது, அவரோடு வேலை செய்த ஒருவரின் மனைவி என்னிடம், அண்ணைக்கு வேறு வேலை ஏதும் சரிவந்துவிட்டதா என்று ஆதரவாகக் கேட்டாள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வீட்டில் மூன்று நாள் சத்தம் ஓயவில்லை. கடைசியில் ஒன்று சொன்னேன். இன்னுமொரு பொய் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அஜக்ஸ் நகருக்கு மகளிடம் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன். வெருட்டுவதற்காகச் சொன்னதல்ல. மகள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை ஏற்கெனவே இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். சித்திரையில் வேறு வேலை கிடைத்தது. அதோடு அவருக்குக் கதை முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை.

அடுத்த பனிக்காலத்தில்தான் இந்த மீன் கதை தொடங்கியது. சிம்கோ ஏரி உறைந்ததும் ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கிறார்களாம், அதற்கு இவரும் போகப்போகிறாராம். ஒக்ரோபரிலேயே இரண்டு சுவெற்றர் போடுகிற மனிதர் இவர். யாரோடு போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வெள்ளைக்காரரோடு என்றார். அவரை எப்படித் தெரியும் என்றால், சும்மா ஏரியடியில் கண்டு பழக்கம் என்றார். உறைந்த ஏரிக்கரையில் சும்மா போய் நின்று யார் யாரைக் காண்பது?

அன்றிலிருந்து நான் துப்பறியத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை காரின் மீற்றரைப் பார்த்து வைப்பேன், சனிக்கிழமை மறுபடி பார்ப்பேன். ஏரிக்குப் போய்வரும் தூரம் சரியாக இருந்தது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது. ஏரிக்குப் போகிற வழியில் வீடுகளே இல்லையா என்ன? ஜக்கற்றை மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய், கோப்பி. மீன் மணம் மட்டும் இல்லை. ஒருநாள் ஒரு துண்டைக் கொண்டுபோய் மீன் வெட்டும் கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன், இது உங்கள் கடையில் வாங்கியதா என்று. அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உது எங்கட மீனில்லை அன்ரி. ஆரோ நல்லா வெட்டத் தெரிஞ்ச ஆள், ஆறுதலா இருந்து முள்ளெடுத்திருக்கு" என்றான்.

ஆறுதலாக இருந்து. என் கணவருக்குப் பூசணிக்காய் பிளக்கத் தெரியாது. அப்படியானால் இவருக்காக ஆறுதலாக இருந்து முள்ளெடுக்கிற அந்த ஆள் யார்? அன்று பின்னேரமே கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்து, பாஸ்போட்டையும் நாலு சேலையையும் வைத்தேன். மூடாமல் விட்டேன்.

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அவர் காரை எடுக்கமுன்னம் நான் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு முன்சீற்றில் ஏறி இருந்துவிட்டேன். நானும் வருகிறேன் என்றேன். அவர் முகம் ஒருமாதிரிப் போனது. அதை நான் கவனித்துக்கொண்டேன். குளிரும் என்றார். குளிரட்டும் என்றேன். ஒரு மணி நேரம் காரை ஓட்டினார்.

கரையில் அந்த வெள்ளைக்காரர் காத்திருந்தார். எழுபது வயது வரும், மீசை முழுக்க உறைபனி. மீனை வெட்டி முள்ளெடுத்துத் தருவது இவர்தான் என்று என் கணவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மீசைக்காகவா நான் பெட்டி கட்டினேன்? ஆனால் அந்த நிம்மதி ஐந்து நிமிடம்தான் நின்றது. அவர் என் கையைக் குலுக்கிவிட்டு என் கணவரின் முகத்தைப் பார்த்தார். சும்மா பார்ப்பதல்ல, காய்ச்சல்காரனைத் தாய் பார்க்கிற பார்வை. பிறகு ஒரு இரும்புக் கம்பியால் ஐஸைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் பனியில் ஓடும் ஸ்கூற்றரில்கூடப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் ஏன் ஒவ்வொரு அடிக்கும் குத்துகிறார் என்று கேட்டேன். உம்முடைய கணவர் வந்தால் நான்தான் முன்னால் நடப்பேன், அது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்ன ஒப்பந்தம்? என் கணவர் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

அவர்களுடையது பலகைக் கொட்டில். உள்ளே சின்ன ஹீற்றர், இருக்க இரண்டு வாங்கு, தரையில் ஒரு துளை. வெளியே கொஞ்சம் தள்ளி இன்னொரு துளை. அதன்மேல் குறுக்காக ஒரு கட்டை, அதில் மடக்கி வைத்த சின்னச் சிவப்புக் கொடி. கீழே உயிருள்ள சிறுமீனைக் கொளுவி விட்டிருந்தார்கள். பெரிய மீன் வந்து கவ்வினால் கொடி நிமிரும். தூண்டிலோடு ஒரு முழம் கம்பியும் உண்டு, வெறும் நூலென்றால் அது கடித்து அறுத்துவிடுமாம். அந்த மீனுக்குப் பைக் என்று பெயர். எங்கள் சீலா மீனின் முகவெட்டு, வாத்துச் சொண்டு மாதிரித் தட்டையான வாய், வாய் நிறையப் பல்லு. மற்ற மீன்களையும் தின்னும், தன் இனத்தையும் தின்னும் என்று என் கணவர் சொன்னார். வீட்டில் ஒரு மாதத்தில் பேசாத அளவு அவர் அன்று பேசினார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து மணியளவில் கொடி நிமிர்ந்தது. இவர் ஓடிப்போய் முழங்காலில் இருந்து நூலை இரண்டு விரலால் பிடித்தார். நூல் கடகடவென்று ஓடி, சடாரென்று நின்றது. தொய்ந்தே போனது.

"போட்டுது" என்றேன்.

"போகேல்லை. பொறும். இப்ப அது குறுக்காலை கவ்விக்கொண்டு நிக்குது. தலைப்பக்கமாத் திருப்பித்தான் விழுங்கும். இப்ப இழுத்தால் விட்டிடும்."

எதுவும் அசையவில்லை. நான் ஐந்து தரம் இழுத்திருப்பேன். அவர் கையுறை போடாத கையோடு அப்படியே இருந்தார். நூல் மறுபடி நகரத் தொடங்கியதும் ஒரே வெட்டு வெட்டி இழுத்தார். பிறகு இழுப்பதும் விடுவதுமாகக் கால்மணி நேரம். துளைக்குள் அந்த நீள மூஞ்சை தெரிந்ததும் செவுளுக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஐஸின்மேல் தூக்கிப் போட்டார். என் கை நீளம் இருக்கும். பச்சை உடம்பில் மஞ்சள் புள்ளிகள். அது என்னையே முறைத்தது.

மீனைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்ததும் மீசைக்காரர் கத்தியோடும் பலகையோடும் வந்தார். வழமைபோலத் துண்டு போட்டுத் தரவா என்றார். இந்தமுறை தலையும் வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, இத்தனை நாளும் இவர் கேட்கவேயில்லையே என்றார். நான் என் கணவரிடம் திரும்பி, ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அந்த மனுசன் எனக்குச் செய்தது காணாதெண்டு மீன்தலையையும் கேக்கிறதோ" என்று முணுமுணுத்துவிட்டு, கொடியைத் திரும்ப மடக்கி வைக்க வெளியே போனார்.

அவர் போனதும் மீசைக்காரர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். வீட்டில் இப்போது எப்படி இருக்கிறார்? நித்திரை கொள்கிறாரா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நீர் வந்தது நல்ல விஷயம், எப்போதாவது வருவீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். என் புருஷன் நித்திரை கொள்வதை விசாரிக்க இவர் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று நிறுத்தி, உமக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், அவரிடமே கேளும் என்று சொல்லிவிட்டு மீனோடு வெளியே போய்விட்டார்.

என் கணவர் உள்ளே வந்து ஹீற்றரில் கையைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"உந்த மனுசனுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதது என்ன?" என்றேன்.

அவர் துளைக்குள் மிதந்த ஐஸ்துண்டு ஒன்றைக் கையால் எடுத்து எறிந்தார்.

"அந்த ரெண்டு மாசமும் நான் எங்கை போனனான் எண்டு நீர் ஒருநாளும் கேக்கேல்லை" என்றார்.

உண்மைதான். அந்தச் சண்டையில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். வேறு யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டீர்களே என்று அழுதேன். தினமும் பதினொரு மணி நேரம் இந்த மனிதர் எங்கே இருந்தார் என்று கேட்கத் தோன்றவேயில்லை. ஏதோவொரு கோப்பிக் கடையில் இருந்திருப்பார் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

கோப்பிக் கடைக்குப் போக முடியவில்லையாம். ஸ்காபரோவில் எந்தக் கடையில் இருந்தாலும் தெரிந்த தமிழாட்கள் வருவார்கள், இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்பார்கள். அதனால் யாரும் வராத இடம் தேடி இங்கே வந்திருக்கிறார். கரையில் காரை நிறுத்தி, கொட்டில்களைப் பார்த்துக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றைக் காருக்குள்ளேயே சாப்பிட்டிருக்கிறார்.

"மார்ச்சிலை ஒருநாள்" என்றார். "ஐஸ் பழுதாகத் தொடங்கீட்டுது. எல்லாரும் கொட்டிலுகளைக் கழட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தவை. நான் காரை விட்டிறங்கி மற்றப் பக்கமா நடந்தனான்."

"மற்றப் பக்கமெண்டால்?"

"உள்ளுக்கு. நடுவுக்கு."

நான் போய் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இந்த மனுசன்தான் பின்னாலை வந்தது. நில் எண்டு கத்தேல்லை. தன்ர சாமானைத் தனிய இழுக்கேலாமல் கிடக்கு, ஒருக்கா வந்து கை தாறியோ எண்டு கேட்டுது. பாவம், வயசு போன மனுசன். அதுதான் திரும்பினனான்."

அவர் அதைக் கடைக்குப் போய்வந்த கதைபோலச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தையும் வெட்கத்தையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏனென்றால் அது எந்த நாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றும் அவர் நாலரைக்குத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து வாசலுக்குள் அப்படியே நின்றார். சப்பாத்து இரண்டும் கணுக்கால் வரை ஊறிப்போயிருந்தன. நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, கார்ப்பெற் பழுதாகப் போகுது, வெளியிலேயே கழட்டிப்போட்டு வாங்கோ என்று ஏசினேன்.