புள்ளலூர்ப் போரில் முனுசாமி அண்ணன்

போன வாரம் காலையில் என் டைப்பிங் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது சடகோபன் சார் போன் செய்தார். "கலா, முனுசாமி போயிட்டார்" என்றார். "எங்கே சார்?" என்று கேட்டேன். எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர் அண்ணன்; எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சார் போனை வைத்துவிட்டார். பிறகுதான் புரிந்தது.

உத்திரமேரூரில் அவரை அறியாதவர்கள் குறைவு. நெல் அறுக்கும் மிஷின் ஓட்டியவர். மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை, கோயிலுக்குள்ளும் இறங்காது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சடகோபன் சார் பேசினால், கேட்க மின்விசிறியை நிறுத்தவேண்டும். இந்த இருவரும் முப்பது வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். "ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸு" என்று ஊர் சொல்லி முடித்துக்கொண்டது.

பழக்கம் எப்படி ஏற்பட்டது என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். "பட்டால பேரத் தப்பா எழுதிட்டானுங்கன்னு ஆபீஸ்ல போய்க் கத்துறேன். இந்த மனுசன் எழுந்து போயி தண்ணி கொண்டாந்து குடுக்கிறாரு. திட்றவனுக்குத் தண்ணி குடுத்தா நான் இன்னா பண்றது, கலா? வேலை முடிஞ்சிடுச்சி. ஆனாலும் மறுநாள் போனேன்."

பக்கத்திலிருந்த சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு சார் ஒரு சரித்திர நாவல் எழுதினார். புள்ளலூர்ப் போருக்கு வந்த பல்லவ வீரன் ஒருவனும், எதிரிப் படையான சாளுக்கியரின் யானைப்பாகன் ஒருவனும் காதலிக்கும் கதை. வீரன் முன்கோபி. பாகன் ஒரு சொல் பேசப் பத்து முறை யோசிப்பவன். யார் யார் என்று எனக்குப் புரிய முதல் பக்கமே போதுமாக இருந்தது.

சாரின் கையெழுத்து அண்ணன் ஒருவருக்குத்தான் விளங்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க, நான் டைப் செய்வேன். அத்தியாயம் அத்தியாயமாகப் பாகன் ஆற்றங்கரையில் நின்று நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா இது பேஜாரு! நெலாவையே பாத்துக்கினு கீறான். எதிர்ல ஆளு நிக்கிது, வாயத் தொறக்க மாட்டானா?"

வேகத்தில் அதையும் வீரனின் வசனமாக அடித்துவிட்டேன். பிழை பார்க்க உட்கார்ந்த சார், பல்லவ வீரன் 'பேஜாரு' என்பதைக் கண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு பேனாவால் அந்த வரியை நீக்கினார். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் பாகன் பேசிவிட்டான்.

நாவலைப் பதிப்பிக்கக் காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் கடைக்கே வந்தார். "எழுத்து பிரமாதம் சார். அந்தப் பாகனை மட்டும் பாகனோட மகளா மாத்திட்டா போதும்." சார் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். மறுக்கத் தெரியாதவர் ஒப்புக்கொள்கிற விதம் அது.

அண்ணன் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. சாரைப் பார்த்து, யாருமே அங்கில்லாததுபோல் மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பாகன் நீதான? உன்ன எடுத்துட்டா, இத்தினி வருசம் நான் யாரு கூட இருந்தேன்?"

அதுவரை அவர் சாரை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சார் எழுந்து நின்றார். "மாத்த மாட்டேன்" என்றார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர் டீயைக் குடிக்காமலே கிளம்பினார். புத்தகம் பிறகு வேறொருவரிடம், எழுதியது எழுதியபடியே வந்தது.

அண்ணனின் சாவுக்கு மானாம்பதி உறவினர் எல்லாரும் வந்திருந்தார்கள். பங்காளிப் பையன் ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், நீங்க அப்டி ஓரமா குந்துங்க. சொந்தக்காரங்க வாய்க்கரிசி போடணும்." சார் நகரத் தொடங்கிவிட்டார்.

அப்போது அண்ணனின் அக்கா, அதே குடும்பத்துத் தொண்டையோடு எழுந்தார். "யார்ரா அவர ஓரமா குந்தச் சொன்னது? இம்மாம் வருசம் என் தம்பி கூட குடித்தனம் பண்ணவரு! மொதல்ல அவரு போடட்டும். அப்பால நீங்கெல்லாம்."

பங்காளிப் பையன் ஒதுங்கி வழிவிட்டான். சார் போட்டதில் பாதி அரிசி அண்ணனின் மீசையில் விழுந்தது. "வுடு நைனா, அவனுக்கு மீசை ஜாஸ்தி" என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாரும்தான்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவர் நினைவாக ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன ஒரு பதில். கட்டிலருகே நின்ற சாரைக் காட்டி நர்ஸ் கேட்டாள்: "தாத்தா, இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

சார் தடுமாறி, "நான் வந்து… ஒரே ஊர்…" என்று இழுத்தார்.

அண்ணன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் நகர்த்தினார்.

"எனக்கு இவருதாம்மா வேணும்."