தியாகி வீட்டுப் பெரியம்மா

பெரியப்பாவின் படம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்த காலை இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. புளத்கொகுபிட்டியவில் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவர் வரைந்த படம். லொறியிலிருந்து இறக்கி எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். முறுக்கிய மீசை, தோளில் சிவப்புத் துண்டு, எரிப்பது போன்ற பார்வை. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியம்மா மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அவரு மீசையே வச்சதில்லையே" என்றார். தொழிற்சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்க அக்கா, வீரன்னா மீசை வேணும்ல" என்றார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த சம்பளப் போராட்டத்தில், ஊர்வலத்தின் முன்னால் நடந்து, பாலத்தருகே சுடப்பட்டு இறந்தார். அதுவரை எங்கள் மலையில் பெயர் சொல்லும்படி ஒருவரும் இருந்ததில்லை. எங்களைக் கூலிக்காரர்கள் என்பார்கள்; நாங்களும் அப்படியே சொல்லிக்கொள்வோம். அவருக்குப் பிறகு கும்மிப் பாட்டில் அவர் பெயர் வந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பாலத்தடி பஸ் நிறுத்தமே அவர் பெயராகிவிட்டது. சிங்களக் கண்டக்டர்கூட அந்தப் பெயரைக் கூவித்தான் "பஹின்ன, பஹின்ன" என்று எங்களை இறக்கிவிடுவார். அந்தப் பெயரைக் கேட்டு இறங்கும்போது முதுகு தானாக நிமிரும். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகாத, பிள்ளையில்லாத ஒரு பெண் அந்தப் பெயரோடு எப்படி வாழ்ந்தாள் என்பதை அடுத்த காம்பராவில் இருந்த நாங்கள்தான் பார்த்தோம். வருடத்தில் ஒருநாள், பெரியப்பாவின் நினைவு நாளில், வெள்ளைச் சேலையில் மேடையில் உட்கார வைப்பார்கள். பேசச் சொன்னதில்லை. மற்ற நாட்களில் மலையில் பால் வெட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் அவரிடம் வம்பு பேச மாட்டார்கள். பரிகாசம் செய்ய மாட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் கூடிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெரியம்மா நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவ்வளவு மரியாதை.

அவரோடு சாதாரணமாகப் பேசியவர் ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரின் காவல்காரர் ஒருவர்தான். அதே ஊர்வலத்தில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தவர். தொடையில் குண்டு பட்டு, மலையேற முடியாமல் காவலுக்கு வந்தவர். அவர் செத்திருந்தால் அவருக்கும் ஒரு படம் இருந்திருக்கும். பிழைத்துவிட்டதால், "ஓடியிருப்பான், அதான் தப்பிச்சான்" என்று சிலர் பேசினார்கள். பெரியம்மா பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவரோடு பத்து வார்த்தை பேசுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "படத்தப் பாத்துப் பாத்து, எனக்கே அவரு மீசையோடதான் ஞாபகத்துல வாறாரு புள்ள. அந்த மனுசன்கிட்ட கேட்டாத்தான், தாடையில வெட்டுத் தழும்பு இருந்திச்சே, சிரிச்சா ஒரு பக்கமா இழுக்குமேன்னு சொல்றாரு. அப்பத்தான் பழைய மொகம் வருது."

பிறகொரு நாள் காவல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, பெரியம்மாவைக் கட்டிக்கொள்ள அப்பாவிடம் கேட்டார். அப்பா போய்த் தலைவரைக் கூட்டி வந்தார். தலைவர் பெரியம்மாவின் முன் கைகூப்பி நின்றார்.

"அக்கா, நீங்க எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி. நாளைக்கு நம்ம புள்ளைங்க என்னா நெனைப்பாங்க? ஒங்களுக்கு என்னா வேணும்னு சொல்லுங்க, சங்கம் செஞ்சு குடுக்கும்."

"பேச ஒரு ஆளு வேணும்" என்றார் பெரியம்மா.

தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் காவல்காரருக்கு வேலை போனது. றக்வானைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார் என்றார்கள். பெரியம்மா அழவில்லை. அந்த வருடமும் மேடையில் போய் உட்கார்ந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, றக்வானையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், காவல்காரருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது, இப்போது பார்க்கச் சொந்தக்காரர்கள்கூட இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடுத்த நினைவு நாள் காலையில் தோட்டமே மைதானத்தில் கூடியிருந்தபோது, பெரியம்மா ஒரு பையோடு பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தார். அங்கேதான் நான் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தேன்.

"நீ வாறியா, நான் தனியாப் போகவா?"

நான் போனேன். அது யுத்த காலம். இரத்தினபுரிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டை கேட்ட சிப்பாய், "கொஹெத யன்னே?" என்று எங்கே போகிறோமென விசாரித்தான். பெரியம்மா தடுமாறாமல், "மகே மஹத்தயா லங்கட்ட" என்றார். என் வீட்டுக்காரரிடம் என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காவல்காரர் லயத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவைப் பார்த்ததும் அவர் கேட்டது: "இன்னைக்கு என்னா நாளுன்னு தெரியும்ல? மேடைக்குப் போகலயா?"

"போகல. கஞ்சி குடிச்சீங்களா?"

அவ்வளவுதான். பெரியம்மா பையை உள்ளே வைத்துவிட்டு அடுப்பை மூட்டப் போனார்.

அடுத்த நினைவு நாளில், வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர், கணவனை நினைத்தே உருகி உயிர்விட்ட உத்தமி என்று பெரியம்மாவைப் பற்றிப் பேசினார். யாரோ அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. முன் வரிசையில் அப்பாவும் எழுந்து நின்றார். நான் றக்வானைக்குப் போய் இதைச் சொன்னபோது, பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "நல்லதாப் போச்சு. செத்தவளத் தேடி யாரும் வர மாட்டாங்க" என்றார்.

மூன்று வருடம் இருவரும் சேர்ந்திருந்தார்கள். காவல்காரர் இறந்ததும், வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன். "அங்க வந்தா மறுபடி மேடையிலதான் ஒக்காரணும். இங்க பக்கத்து வீட்டுக்காரி தண்ணிக் கொடத்துக்கு என்னோட சண்ட போடுறா. எனக்கு அது போதும்" என்றார்.

யுத்தம் முடிந்த வருடம் பெரியம்மா இறந்தார். அப்பாவிடம் சொன்னேன். "அவங்க அப்பவே செத்துப் போயிட்டாங்கன்னுதானே ஊருக்குத் தெரியும்" என்றார். நான் மட்டும் போனேன். நாலைந்து பேர்தான் இருந்தார்கள். தண்ணீருக்குச் சண்டை போட்ட அந்தப் பெண் மட்டும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். குழி வெட்டிய பையன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அக்கா, இவங்க யாரோட சம்சாரம்?" என்று கேட்டான். எங்கள் மலையில் பாட்டாகிவிட்ட பெயர் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, காவல்காரரின் பெயரைச் சொன்னேன்.

"அப்ப அவரு பக்கத்துலயே வச்சிருவோம்" என்றான் அவன்.