மீட்டரில் ஏறாத ஓட்டம்

போன மாதம் பொம்மனஹள்ளி சிக்னலில் என் மச்சினன் செல்வத்தின் வேன் நின்றது. டீசல் தீர்ந்தோ, டயர் பஞ்சராகியோ அல்ல... இன்ஜினே இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. உள்ளே ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள். ஒரு பெண் கேட்டாளாம்: "அண்ணா, ஏசி ஏன் நின்னுபோச்சு?"

செல்வம் கோலார் தங்க வயல்காரன். சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வந்த பணம் மொத்தமும் அந்த வேன்தான். அதை ஒரு டிராவல்ஸ்காரரிடம் ‘அட்டாச்’ செய்திருந்தான். அதாவது, வண்டி இவனுடையது, நாட்டாமை அவருடையது! ஆயில் மாற்றுவதுகூட அவர் ஷெட்டில்தான். அவர் பீப்பாயில் இருப்பதைத்தான் ஊற்றுவார்கள். வெளியே மாற்றினால் கான்ட்ராக்ட் கட்.

என்ன ஆயில் ஊற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. பீப்பாயில் இருந்தது என்ன? அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

சரி, எப்போது மாற்றுவார்கள்? மீட்டரில் இத்தனை கிலோமீட்டர் ஏறினால். நியாயம்தானே என்கிறீர்களா? ஓசூர் ரோட்டில் ஒரு நாள் வண்டி ஓட்டிப் பாருங்கள் சார்! ஏசி ஓடும், இன்ஜின் ஓடும், ஆயில் வெந்து கறுக்கும் — மீட்டர் மட்டும் அசையாது.

இன்ஜின் போவதற்கு முன்பே செல்வம் போய்க் கேட்டான். நானும் கூடப் போயிருந்தேன். சூப்பர்வைசர் அத்திபெலேக்காரர், நம்ம தமிழ்தான்; ஆனால் பெங்களூர் வழக்கப்படி எல்லாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, ஆயில் தார் மாதிரி ஆயிடுச்சு. மாத்திடலாம்ணா."

"மீட்டர் இன்னும் வரலையே குரு?"

"ஜாம்லயே நிக்குதுண்ணா. இன்ஜின் ஓடிக்கினே இருக்கு."

"எல்லார் வண்டியும்தான் நிக்குது. உனுக்கு மட்டும் தனி ரூல்ஸா? போ, டிரிப்பைப் பாரு."

பார்த்தான். வேறு என்ன செய்வான்? கடைசியில்தான் அந்த சிக்னல்.

மாற்று வண்டி வந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். செல்வம் போன் பண்ண, நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்புறம் டிராவல்ஸ்காரர் ஆற அமர வந்தார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். முகம் சுளித்தார். "மெயின்டனன்ஸ் ஓனர் பொறுப்பு செல்வம். அக்ரிமென்ட்லயே இருக்குதே" என்றார்.

"ஆயில் மாத்த விடாதப்ப மட்டும் அவன் ஓனர் இல்லையா?" என்று நடுரோட்டில் கத்தினேன். செல்வம்தான் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"வுடு மாமா. நாளைக்கு இவருகிட்டதான் வேலை கேக்கணும்."

இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. வேனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான். இப்போது அதே டிராவல்ஸில் சம்பளத்துக்கு வேறு வேன் ஓட்டுகிறான். அதே ரோடு, அதே ஜாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், டீயைக் கையில் வாங்கும்போதே கிளம்பப் பறந்தான்.

"ஷெட்டுக்குப் போகணும் மாமா. வண்டிக்கு ஆயில் மாத்தணும்."

"அதுக்குள்ள மீட்டர் வந்துடுச்சா?"

"பாதிகூட வரலை. ஜாம்ல நிக்கற வண்டிக்கு சீக்கிரம் மாத்தணுமாம். சூப்பர்வைசரே கூப்ட்டுச் சொன்னாரு. பீப்பா ஆயில்கூட இல்ல, சீல் உடைக்காத கேன்."

"அடப்பாவிகளா! இதை அன்னிக்கு உன் வண்டிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

செல்வம் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: "இது அவங்க சொந்த வண்டி மாமா."