ஆபீஸ் நாற்காலிக்கு விழுந்த பாடு

"இளநிலை உதவியாளர் (தற்காலிகம்): ஓர் இடம். தகுதி: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தட்டச்சு தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. பணிகள்: வரும் கடிதங்களுக்கு எண் இட்டுப் பதிவு செய்தல், கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்குதல், தொலைபேசிக்குப் பதில் சொல்லுதல், மேலாளர் சொல்லும் இதர வேலைகள்."

அத்தையின் பெட்டியிலிருந்து எனக்குக் கிடைத்த அறிவிப்பு நகல் இது. அக்டோபர் மாதம் என்பது தெரிகிறது. ஆண்டு இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. என் பள்ளி மதிப்பெண் அட்டைகளோடு ஒத்துப் பார்த்ததில், நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம் என்று கொள்கிறேன். அறிவிப்பை ஒட்டியது பழவேற்காட்டில் இருந்த ஒரு சங்க அலுவலகம். அது இன்றும் இயங்குவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்கள் குப்பத்தில் அந்தத் தகுதி உள்ள பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி என் அத்தை, அதாவது நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் தங்கை. இன்னொருத்தி எதிர்வீட்டு அக்கா, அத்தையின் வகுப்புத் தோழி. இருவருக்கும் அந்த வேலை வேண்டும். இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்.

"ஆபீசுக்குப் போய் இன்னா கிழிக்கப் போறே? ஊர் இன்னா பேசும்?" என்றார் நைனா.

அத்தை நைனாவின் சோற்றுத் தட்டை ஒரு வாரத்துக்குச் சற்றுச் சத்தமாகத் தரையில் இறக்கினாள். எதிர்வீட்டில் அக்காவின் அப்பா அறிவிப்பு நகலையே வாங்கிக் கூரையில் செருகிவிட்டதாகக் கேள்வி.

பழவேற்காட்டு ஏரியை அறியாதவர்களுக்குப் பாடு என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்கள் சிலவே. அவற்றில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டு எடுத்து முடிவு செய்யும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அது வீட்டுக்கு உரியது. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலையை இறக்க மாட்டார். பாடு விழுந்த வீடு வலை போடாமல் இருந்தாலோ, அதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

இறால் பருவத்துக்குப் பாடு பிரிக்க அந்த மாதம் ஊர்க் கூட்டம் நடந்தது. சீட்டு எடுக்க ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது வழக்கம். அன்றைக்கு நான். கடைசிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சங்க ஆபீசுல ஒரே எடம், படிச்ச பொண்ணு இருக்கற வூடு ரெண்டு. அப்படின்னா பாடுதானே?"

சிலர் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. ஒரு நல்ல இடம், அதற்கு உரிமையுள்ள இரண்டு வீடுகள். அவருக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. மாதத்துக்கு ஒரு வீடு என்று சொல்லிவிட்டார்.

"ஏரி வேற, ஆபீசு வேற," என்றார் நைனா.

"பாடு விழுந்த வூடு சும்மா குந்திகினு இருந்தா இன்னா பேருய்யா?" என்று தலைவர் கேட்டார்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் சீட்டு எடுத்தேன். முதல் மாதம் எங்கள் வீட்டுக்கு. மறுநாளே நைனா வண்டியைக் கழுவி, அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விண்ணப்பம் போடப் போனார். அக்கா விண்ணப்பமே போடவில்லை. அவள் பாடு அடுத்த மாதம்தானே!

அத்தைக்கு வேலை கிடைத்தது. விரலில் முத்திரை மையோடு மாலையில் வருவாள். கடிதத்துக்கு எப்படி எண் போடுவது என்று சொல்வாள். நைனா வலையைச் சிக்கெடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்பார்.

அடுத்த மாதம் முதல் வேலை நாளில் அத்தை வீட்டில் உட்கார்ந்து நண்டு கழுவினாள். எதிர்வீட்டுப் பெரியவர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார வைத்தார். பகல் ஏறுவதற்குள் அத்தையைக் கூப்பிட்டு மேலாளர் ஆள் அனுப்பிவிட்டார். நைனா அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்ப, காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

மேலாளர் அனுப்பம்பட்டிலிருந்து வந்துபோகிறவர்; ஏரியின் பாட்டு முறை அறியாதவர். கோபத்தைவிடக் குழப்பமே அவர் முகத்தில் அதிகம்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? கேட்டா இந்த மாசம் என் பாடுங்குது."

"ஆமா சார். போன மாசம் என்துது," என்றாள் அத்தை.

"அப்ப அடுத்த மாசம்?"

"திரும்ப நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆர்டர் உன் பேர்ல இருக்கு. ஆள் மாத்தி அனுப்பினதுக்கு இன்னிக்கே உன்னை நிறுத்தலாம், தெரியுமா?"

உடனே நைனா முன்னால் வந்தார். "அது என் தங்கச்சி நாற்காலி சார். ஒரு மாசத்துல ஒரு நாள் லீவு போட்டுதா, கேளுங்க!"

"அப்ப எங்க பாடு இன்னா ஆறது?" என்று பெரியவர் குறுக்கே புகுந்தார்.

நாளைக் காலையில் ஆர்டரில் பெயர் இருக்கிற பெண் வராவிட்டால் புது அறிவிப்பு ஒட்டப்படும் என்று மேலாளர் முடித்துக்கொண்டார். அக்கா எழுந்தாள். "வந்த கடுதாசிக்கெல்லாம் நம்பர் போட்டுட்டேன்டி. அடியில இருக்கறது மட்டும் பாக்கி," என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் ஊர் மறுபடி கூடியது. அத்தை போனால் எதிர்வீட்டுப் பாட்டில் வலை இறக்கியதாகும். போகாவிட்டால் நாற்காலி வேறு ஊருக்குப் போய்விடும். ஊர் கொடுத்த பாடு கெட்டுப்போனால் ஊர்தான் மாற்றுப் பாடு கொடுக்க வேண்டும். ஆனால் தலைவர் கையில் இன்னொரு ஆபீஸ் இல்லை.

அப்போது அக்காவே சொன்னாள். "நான் பொன்னேரிக்குப் போய் டைப் கத்துக்கறேன். அதை என் பாடா வெச்சிக்கறேன்."

பெரியவர் வாயைத் திறந்தார்.

"இன்னாய்யா, பாட்டை வேணாங்கறியா?" என்றார் தலைவர்.

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். அத்தை பழவேற்காட்டில் இறங்கினாள்; அக்கா பொன்னேரி வரை போனாள். அத்தை அந்த அலுவலகத்திலேயே நிரந்தரமானாள். தட்டச்சில் தேறிய அக்கா பொன்னேரியில் அத்தையைவிட ஒருபடி மேலான வேலையில் சேர்ந்தாள். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

ஊர் பெரிய மனதோடு இரண்டு பெண்களுக்கும் வழிவிட்டது என்றுதான் அப்போது நான் நினைத்தேன். எவ்வளவு கெஞ்சியும் வாசல் தாண்ட விடாத இருவரை, அவர்களைத் தடுத்தவர்களே வண்டியில் வைத்து அழைத்துப் போனது எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

பின்பக்கமிருந்து வந்த அந்தக் குரல் யாருடையது? தலைவருடைய தம்பி என்கிறார் நைனா. தம்பி மறுக்கிறார். பெண்கள் நின்றிருந்ததும் அந்தப் பக்கம்தான். அத்தையிடமும் அக்காவிடமும் வெவ்வேறு நாட்களில் தனித்தனியே கேட்டேன். இருவரும் என்னைத் திருப்பிக் கேட்டது ஒன்றேதான்: "அவ இன்னா சொன்னா?"

இந்தத் தகவல் இன்னும் உறுதிப்படவில்லை.