இடப்பக்கச் சக்கரம்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவுக்குத் தனியொரு மணம் உண்டு. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முற்றம் எண்பதுகளின் இறுதியில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மணத்தில்தான் கிடந்தது. அக்காவும் நானும் தனித்தனியே நினைவுகூர்ந்து, இருவர் சொல்லும் ஒத்துப்போனவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். குடும்ப விருந்துகளில் கதை வளர்ந்து வளர்ந்து, அன்று அந்த முற்றத்தில் நின்ற எங்கள் லாரி இன்று குண்டு துளைத்த வண்டியாகிவிட்டது. குண்டு துளைத்த தடம் எதையும் நாங்கள் கண்டதில்லை.

அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ லாரி. அலுவலக எழுத்தரான அப்பா அதை ஏலத்தில் எடுத்து, விளக்குக் கண்ணாடி முதல் கதவுக் கைப்பிடி வரை அந்த வண்டிக்கே உரிய உதிரிபாகங்களைத் தேடித் தேடிப் பொருத்தினார். வேறு வண்டியின் பாகம் ஒன்றையும் உள்ளே விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் உறுமி உயிர்பெற்றபோது தெருவே கூடிவிட்டது. அந்த மாதமே அக்காவின் திருமணமும் நிச்சயமாயிற்று.

“முத்தத்துல பந்தல் போடணும். வண்டி தானா வெளிய போனா போகட்டும். இல்லன்னா காயலாங்கடைக்காரர வரச்சொல்லி வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன்” என்றார் அம்மா. அம்மா சொன்னால் செய்துவிடுவார்.

எஞ்சியது பழைய டயர்களை மாற்றும் வேலை மட்டுமே. வலப்பக்கச் சக்கரங்கள் எளிதாகக் கழன்றன. இடப்பக்கத்துப் பின்சக்கரமோ அசைய மறுத்தது. ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி, அப்பாவும் அக்காவும் நானும் தொங்காத குறையாக அழுத்தினோம். ‘டக்’கென்று ஒரு திருகாணி முறிந்தது. “துரு தின்னுடுச்சு” என்றார் அப்பா. அடுத்ததும் முறிந்தது, அதற்கும் துருவின்மீதே பழி. பாதிக்குமேல் முறிந்த பிறகுதான் அக்கா ஒரு துண்டை மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தாள். நுனியில் ‘L’ என்ற எழுத்து. அந்த வகை வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்த்திசையில் ஓடும். கழற்றுவதாக எண்ணி, நாங்கள் அவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தோம்.

பட்டறைக்காரர் ஒருவர், “புதுசா கடைஞ்சு தரேன் சார், ஆனா அவ்ளோ பாரம் தாங்குமான்னு கேட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல” என்றார். ஆகவே திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பழைய சாமான்கள் விற்கும் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். அப்பாவின் சட்டைப்பையில் ஒற்றை நட். கோணியில் குவிந்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நட்டை இடப்புறமாகத் திருகிப் பார்த்தோம். எதுவும் ஏறவில்லை.

“இன்னா சார், நட்டுக்குப் பொண்ணு பாக்குறியா? ஒண்ணும் புடிக்கலன்றியே!” என்றார் கடைக்காரர்.

“எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட அப்பா இவ்வளவு அலசலைங்க” என்றாள் அக்கா.

“கல்யாணப் பொண்ணா நீ? கையெல்லாம் கிரீஸா கீதே!” என்று சிரித்தவர், காலடியிலிருந்த தகரப் பெட்டியைத் தள்ளினார். “இதயும் பாத்துடு. மரை கெட்ட சரக்கு. எவன் நட்டும் ஏறல.”

எவர் நட்டும் ஏறவில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலைகளை முட்டிக்கொண்டோம். அக்கா ஒன்றை எடுத்து நட்டை வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு ஏறியது. “அப்பா, ஏறுது! இடப்பக்கமா ஏறுது!” என்று அவள் கூவியதில் பக்கத்துக் கடையின் கோழிகள் கூண்டுக்குள் படபடத்தன. பெட்டியைத் தரையில் கவிழ்த்தோம். நுனியில் ‘L’ பொறித்தவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. தேவைக்கு ஒன்றே ஒன்று குறைந்தது.

அந்த ஒரு துளையை வெறுமையாக விட்டே சக்கரத்தைப் பூட்டினார் அப்பா. வேறெதையும் செருக அவர் மனம் ஒப்பவில்லை. மறுநாள் லாரி தன் சொந்த பலத்தில் வாயிலைக் கடந்தது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் அம்மா. “ஹாரன் அடிங்க, தெருவுக்குத் தெரியட்டும்!” என்றார்.

இன்று அந்த முற்றத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வண்டியைச் சில ஆண்டுகளுக்குப் பின் வெளியூர்க்காரர் ஒருவர் ஓட்டிச்சென்றார். அதுவரை அந்தத் துளை வெறுமையாகவே இருந்தது. இப்போது லாரி எங்கிருக்கிறது, அத்துளைக்கு உரிய திருகாணி கிடைத்ததா என்பவை எனக்குத் தெரியாது.