மூன்றாம் கியர் நிற்காத ஜீப்பில் காரையும் அரியலூரும்

தை பிறந்து இரண்டாவது வாரம். கியர் பாக்ஸைப் பிரித்துக் கட்டிய எங்கள் பழைய ஜீப்பைப் பெரம்பலூரில் எடுத்துக்கொண்டு, காரை, அரியலூர், கீழப்பழுவூர் என்று சுற்றித் தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய பயணம் மூன்று நாள் ஆனது. பழைய ஃபோர் வீல் வண்டியை வைத்துக்கொண்டு, பாக்ஸில் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

வண்டிக்கு வயது இருபத்தைந்து. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர் சேகர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் கிளட்சை மிதிக்கும் அளவுக்கு வலுப்பெறவில்லை. ஷெட்டில் தூசி படிந்து நின்ற ஜீப்பை வாங்கிக்கொள்ள ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். "விக்க வேணாம், நான் ஓட்டுறேன்" என்றேன். கார் எனக்குப் பழக்கம்தான். ஜீப்பை ஒருநாளும் தொட்டதில்லை.

"பாக்ஸே போயிருக்கு வசந்தி. அதைக் கட்டி, நீ ஓட்டிப் பழகி..." என்று இழுத்தார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பாக்ஸைச் சரிசெய்வது. முதல் பயணம் ஒழுங்காக முடிந்தால் வண்டி எங்களுக்கு. இல்லையென்றால் ஒரத்தநாட்டுக்காரருக்கு.

இந்த வகைப் பாக்ஸைப் பிரித்துப் பழகியவர் என்று விசாரித்ததில் பெரம்பலூர் பாஸ்கர் பெயர்தான் வந்தது. டவுனை ஒட்டிச் சிறிய பட்டறை. ஜீப்பை லாரியில் ஏற்றி அனுப்பினோம். வேலை முடிந்து நாங்கள் எடுக்கப் போனதும் சேகரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். நான் பட்டறை வாசலில் நின்றேன். திரும்பி வந்ததும் சொன்னார்: "காலையில ரெண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கமா விழும் சார், ஆயில் சூடாயிட்டா சரியாயிடும். ஊளைச் சத்தம் கொஞ்ச நாள் இருக்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு லோடு ஏத்தாதீங்க, எதையும் கட்டி இழுக்காதீங்க. அப்புறம் ஆயிலை மாத்திடுங்க. அந்த ஆயில்ல பொடி மாதிரி மினுங்கினா பயப்பட வேணாம், துண்டு துண்டா வந்தா உடனே போன் பண்ணுங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சிறுவாச்சூர் தாண்டும்வரை இரண்டாவது கியர் கல்லில் கம்பியைச் செருகுவதுபோல் இருந்தது. கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் வழிவிட்டது. அந்த வித்தையைச் சொல்லித்தந்தவர் சேகர்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடாலூர் வரும்வரை "இப்ப மாத்து", "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்", "சத்தத்தைக் கேளு" என்று வந்தது. கேட்டேன். ஊளைச் சத்தம் நிஜமாகவே குறைந்துகொண்டுதான் வந்தது.

பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டு இடதுபுறம் திரும்பினால் காரைக்குப் போகிற சாலை. அதில் ஒரு சின்ன இறக்கம். மூன்றாவது கியரில் இருந்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டக்கென்று ஒரு சத்தம். லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து நின்றது. வண்டி கட்டு அவிழ்த்த மாடுபோல ஓடியது. பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன்.

"நீ கியரை முழுசாப் போடல," என்றார் சேகர்.

"போட்டேங்க."

"பாதியில விட்டிருப்ப. புதுப் பாக்ஸ், அழுத்திப் போடணும்."

அழுத்திப் போட்டேன். அடுத்த இறக்கத்தில் மறுபடி டக். நான் லீவர்மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவதால்தான் என்றார். கையை எடுத்துவிட்டு ஓட்டினேன். மறுபடியும் வந்தது.

காரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே நீங்கள் பலரும் போகிறீர்கள். ஊரைத் தாண்டியதும் வயல் சட்டென்று முடிந்துவிடுகிறது. மழை அரித்த மண்மேடுகள், மஞ்சளும் செம்பழுப்புமாக, ஒரு புல் இல்லாமல் கண்ணுக்கு எட்டியவரை கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த மண். குனிந்து பார்த்தால் கிளிஞ்சல் கல்லாகிக் கிடப்பது தெரியும். பாருங்கள், படம் எடுங்கள், ஒன்றையும் பையில் போடாதீர்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். நிழல் கிடையாது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், அந்தக் களிமண்ணில் ஃபோர் வீலும் வழுக்கும்.

வண்டிப்பாதை வரை ஜீப்பைக் கொண்டுபோனேன். சேகர் ஊன்றுகோலோடு இறங்கி, மேட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திரும்பி ஏறியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இடது பக்கம் உட்காருகிறவருக்கு வலது கை லீவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

"லீவர் மேல கையை வையுங்க. பிடிக்க வேணாம், சும்மா வையுங்க," என்றேன்.

வைத்தார். மூன்றாவதில் இறக்கத்தில் விட்டு, காலை எடுத்தேன். லீவர் அவர் உள்ளங்கையை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "இன்னொரு தடவை," என்றார். மேட்டில் ஏறித் திரும்பி இறங்கினோம். மறுபடி முட்டியது.

"இங்க உட்கார்ந்தா சத்தம்தான் வசந்தி கேக்குது. இது தெரியல," என்றார். அந்த இடத்திலேயே பாஸ்கருக்குப் போன் போட்டார்.

"புதுப் பாக்ஸ் சார், அப்படித்தான் இருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா செட் ஆயிடும்," என்றார் பாஸ்கர்.

போனை வைத்துவிட்டு சேகர் கேட்டார்: "ஒரத்தநாட்டுக்காரரைக் கூப்பிட்டுடலாமா?"

"வேணாம். இது எப்ப வருது, எப்ப வரலன்னு முதல்ல பாப்போம். அப்புறம் திரும்பிப் போயி அவரையே உக்கார வச்சுக் காட்டுவோம்."

கொளக்காநத்தம் வழியாக அரியலூர் போகும்வரை அதையே பார்த்தேன். மேட்டில் இழுக்கும்போது ஒருமுறைகூட வெளியே வரவில்லை. காலை எடுத்து, வண்டி இன்ஜினைத் தள்ளும்போது மட்டும் வந்தது. அதுவும் மூன்றாவதில் மட்டும். இரண்டாவதும் நான்காவதும் கல்போல நின்றன. அரியலூரை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் சேர்ந்துகொண்டன. தூசியில் ஹெட்லைட் போட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வரிசையில் மூன்றாவதைத் தொடாமல், இரண்டுக்கும் நான்குக்கும் தாவித் தாவிப் போனதில் இடது தோள் வலித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அறை கிடைத்தது, வாடகை ஆயிரத்து இருநூறு. சுத்தமாக இருந்தது. ஜீப் நிறுத்த இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை குன்னம் வழியாகப் பெரம்பலூர் திரும்பினோம். வழிநெடுக பருத்திக் காடு. சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைக்க, ஞாபகமில்லாமல் மூன்றாவது போட்டேன். டக் என்றது. சோளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.

சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பாத்து வாங்கம்மா, இன்னிக்குத்தான் மூட்டை புடிக்கணும்."

பக்கத்தில் டிராக்டரில் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரர், "கியரு நிக்கலயா?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "சத்தந்தான். என் வண்டியும் இப்படித்தான். டியூபை வெட்டி, கியரு நழுவாம லீவர்ல மாட்டி வச்சிருக்கேன். வூட்ல இன்னொண்ணு கெடக்கு, எடுத்தாரவா?"

சேகர் சிரித்தே விட்டார். அந்த முதல் டக்குக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். டியூப் வேண்டாம், கட்டினவரே சரிசெய்யட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

பாஸ்கர் எங்களை எதிர்பார்க்கவில்லை. "நான்தான் சொன்னேனே சார்," என்று ஆரம்பித்தார்.

"நீங்க இப்படி உக்காருங்க. நான் ஓட்டுறேன்," என்றேன். சேகர் பின்சீட்டுக்குப் போனார். மேம்பாலத்தில் ஏறும்போது எல்லாம் ஒழுங்கு. "பாருங்கக்கா, நிக்குதுல்ல?" என்றார் பாஸ்கர். இறங்கும்போது காலை எடுத்தேன். டக். திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறை இறங்கினேன். டக்.

"மேல் மூடியைக் கழட்டிப் பாத்துடலாங்க," என்றார் மெதுவாக.

பாக்ஸை இறக்கத் தேவையிருக்கவில்லை. மேல் மூடிக்குள், போட்ட கியரைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு குண்டும் அதை அழுத்தும் சின்ன ஸ்பிரிங்கும் இருக்கின்றன. கியர், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டவர், பார்வைக்கு நன்றாக இருந்த அந்த ஸ்பிரிங்கை மட்டும் பழசையே போட்டிருந்தார். புதிய ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்தார். பழசு அரை நகக்கண் அளவுக்குக் குட்டை.

"என் தப்புதாங்க. நேத்தே வரச் சொல்லியிருக்கணும்," என்றார். கோபம் எனக்கு நிறைய சேர்ந்திருந்தது. அவர் அப்படிச் சொன்னதும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீ வாங்கி வரச்சொல்லிக் குடித்தோம். மாலைக்குள் வேலை முடிந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு பெரம்பலூரிலேயே தங்கினோம்.

மூன்றாம் நாள் குன்னம், அரியலூர் தாண்டிக் கீழப்பழுவூரில் இறங்கிக் கோயிலைப் பார்த்தோம். சோழர் காலத்துக் கல், கூட்டமே இல்லை. நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். திருமானூரில் கொள்ளிடப் பாலம் ஏறும்போது சேகரிடம் ஏதோ கேட்டேன். தூங்கிக்கொண்டிருந்தார். பாலம் இறங்குகிற இடத்தில் மூன்றாவதுக்கு மாற்றிக் காலை எடுத்தேன். லீவர் அசையவில்லை. திருவையாறு வரும்வரை அவரை எழுப்பவில்லை.

பாக்ஸ் பிரித்துக் கட்டப்போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. இறுக்கம் குறையும், ஊளையும் குறையும், அதற்குப் பொறுத்திருங்கள். கியர் தானாக வெளியே வருவது தானாகச் சரியாகாது. ஓடட்டும் என்று விட்டால் புதுப் பற்களையும் தின்றுவிடும். எந்தக் கியரில், இழுக்கும்போதா விடும்போதா என்று பார்த்துவைத்துக்கொண்டு திரும்பிப் போங்கள். வண்டியை எடுக்கும்போது, இனி ஓட்டப்போகிறவர் யாரோ அவரே பட்டறைக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வாருங்கள். ஏற்றமும் இறக்கமும் அதில் இருக்கட்டும்.

ஒரத்தநாட்டுக்காரரைக் கூப்பிடவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் முடிந்து ஆயில் மாற்ற நான் மட்டும் பெரம்பலூர் போனேன். வடித்த ஆயிலில் பொடிதான் மினுங்கியது, துண்டு ஒன்றும் இல்லை. பாஸ்கர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப லீவர் கைக்கு எப்படிக்கா இருக்கு?"